எல்ட்ரோம்போபேக் மாத்திரையா, மண்ணீரல் அறுவையா?

ஐ.டி.பி. (இம்யூன் த்ராம்போசைட்டோபீனியா) நோயில் உடலே உண்டாக்கும் ஆன்டிபாடிகள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவற்றை மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. ஸ்டீராய்டைக் குறைத்ததும் தட்டணு எண்ணிக்கை மறுபடி 30,000-க்குக் கீழே போனவர்கள் பலர், தட்டணு உற்பத்தியைத் தூண்டும் எல்ட்ரோம்போபேக் மாத்திரை, மண்ணீரலை அகற்றும் அறுவை என்ற இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தவிக்கிறார்கள்.

செலவு
மாத்திரை: மாதாமாதம், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்.
அறுவை: ஒரே முறை.

நிலைப்பு
மாத்திரை: நிறுத்தினால் பலருக்கு எண்ணிக்கை இறங்கிவிடும்.
அறுவை: சுமார் 60 சதவீதம் பேருக்குப் பலன் நீடிக்கிறது.

எளிமை
மாத்திரை: விழுங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். பால், தயிர், கால்சியம் மாத்திரை எதுவானாலும், அதற்கு 2 மணி நேரம் முன்போ 4 மணி நேரம் பின்போதான் இந்த மாத்திரையைப் போட வேண்டும். காலைக் காப்பியோடு போட்டால் மருந்து சரியாகச் சேராது. எண்ணிக்கை ஏறவில்லையே என்று கலங்குபவர்கள் முதலில் இதைப் பாருங்கள். கல்லீரல் பரிசோதனையும் தவறக்கூடாது.
அறுவை: லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியான அறுவை) என்றால் சில நாளில் வீடு திரும்பலாம்.

ஆபத்து
மாத்திரை: ரத்தக்கட்டு, கல்லீரல் பாதிப்பு.
அறுவை: ரத்தக்கட்டு இதிலும் உண்டு. அதைவிட எனக்குப் பெரிய கவலை தொற்றுதான். மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி) ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகளை அறுவைக்கு 2 வாரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

நோய் கண்டு ஓராண்டு ஆகாதவர்களுக்கு மாத்திரையே பொருத்தம். அதற்குள் நோய் தானே தணியவும் கூடும். ஓராண்டு கடந்தும் தணியாமல், தினசரி மருந்தும் தாங்காதவர்கள், காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனை போக வசதி இருந்தால், அறுவையை மருத்துவரிடம் பேசலாம்.