குலச்சின்னத் தட்டுகள்: வெள்ளியா, ஷெஃபீல்டா, சீனப் பீங்கானா?

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியான குடும்பங்கள் தங்கள் குலச்சின்னத்தைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவர மூன்று வழிகள் இருந்தன. ஒன்று அசல் வெள்ளித் தட்டு. இன்னொன்று ஷெஃபீல்ட் பிளேட் எனப்படும் வெள்ளி போர்த்திய செம்பு. மூன்றாவது சீனாவில் வரைந்து வாங்கிய பீங்கான். இன்று சேகரிப்பவர்களின் முன்னாலும் இதே மூன்றுதான். வெள்ளிக்கு முன்னால் மற்றவை நிற்குமா என்று கேட்கலாம். உலோகத்துக்காக வாங்குகிறவருக்கு அது சரி. சின்னத்துக்காக வாங்கினால் வரிசை தலைகீழாகிவிடும் என்பது என் கட்சி.

முதலில் வெள்ளி. ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. தட்டைத் திருப்பினால் நடைபோடும் சிங்கம், லண்டன் முத்திரையான சிறுத்தைத் தலை, ஆண்டைக் காட்டும் எழுத்து, செய்தவரின் முதலெழுத்துகள் எல்லாம் வரிசையாக இருக்கும். 1784 முதல் 1890 வரை என்றால், வரி கட்டியதற்கு அடையாளமாக அரசரின் அல்லது அரசியின் தலையும் உண்டு. பால் டி லாமெரி, பால் ஸ்டோர் போன்ற பெயர்பெற்ற வெள்ளிக் கொல்லர்களின் முத்திரை இருந்துவிட்டால் விலை எங்கோ போய்விடும்.

ஆனால் இத்தனை சாட்சிகளும் உலோகத்தைப் பற்றித்தான் பேசுகின்றன, சின்னத்தைப் பற்றி அல்ல. தட்டு கைமாறும்போது புதிய சொந்தக்காரர் பழைய சின்னத்தைச் சுரண்டிவிட்டுத் தன்னுடையதைப் பொறித்துக்கொள்வது சாதாரணம். சின்னம் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பாருங்கள். தகடு மெலிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பின்புறம் மெல்லியதாகக் கீறிய எடை இருந்தால் இன்னும் நல்லது. 18 ட்ராய் அவுன்ஸ் 4 பென்னிவெயிட் (அவுன்ஸில் இருபதில் ஒரு பங்கு) என்று இருந்தால் சுமார் 566 கிராம். இப்போதைய எடையோடு ஒப்பிடுங்கள். தேய்த்துத் துடைத்ததில் கொஞ்சம் குறைவது சகஜம், நிறையக் குறைந்தால் யோசிக்க வேண்டும். சின்னத்தின் நடுவே இருக்கும் கேடய வடிவத்தைச் சுற்றிய அலங்காரமும் காட்டிக்கொடுக்கும். 1750 வாக்கில் சிப்பியும் இலையும் ஒருபக்கமாகச் சாய்ந்து வளைந்த ரொக்கோகோ சட்டம். 1780களில் நேரான கேடயமும் தொங்கும் மாலைகளும். 1750 தட்டில் 1780 பாணி இருந்தால் சின்னம் பின்னால் வந்தது.

இன்னொரு வம்பும் உண்டு. வெள்ளியில் நிறம் காட்ட முடியாததால் கோடுகளால் காட்டுவார்கள். செங்குத்துக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், குறுக்கும் நெடுக்கும் கறுப்பு, புள்ளிகள் தங்கம். ஒன்றுமில்லாமல் விட்டால் வெள்ளி நிறம். துடைத்துத் துடைத்து அந்த மெல்லிய கோடுகள் போய்விட்டால், சிவப்புக் கேடயம் வெள்ளையாகத் தெரியும். அப்புறம் வேறு குடும்பத்தின் தலையில் கட்டிவிடுவார்கள்.

ஷெஃபீல்ட் பிளேட் 1740களில் தாமஸ் பௌல்சோவர் கண்டுபிடித்தது. செம்புக் கட்டியோடு வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டவைத்து உருட்டித் தகடாக்குவது. செதுக்குளி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் செம்பு எட்டிப் பார்க்கும். அதனால் சின்னம் வரும் இடத்தில் மட்டும் நல்ல வெள்ளித் துண்டு ஒன்றைப் பதித்தார்கள். அதன் மேல் வாயால் ஊதினால் ஆவி படிந்து துண்டின் ஓரம் தெரியும். சிக்கனத்துக்குச் செய்த வேலை இன்று நமக்கு நல்ல அடையாளம். ஆனால் கத்தி படுகிற உணவுத்தட்டுக்கு இது தோதான சரக்கு அல்ல. தாம்பாளம், மூடி என்றால் யோசிக்காமல் வாங்கலாம். செம்பு தெரிகிறதே என்று மேலே மறுமுலாம் பூசியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். 1840இல் எல்கிங்டன் காப்புரிமை பெற்ற மின்முலாம் வந்ததும் இந்தத் தொழிலே படுத்துவிட்டது. மின்முலாம் தட்டுகள் விருந்துக்கு ஆகும், சேகரிப்புக்கு வேண்டாம்.

சீனப் பீங்கானின் கதை வேறு. வீட்டுச் சின்னம் அச்சிட்ட தாளை கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்காரர்கள் வழியாக அனுப்புவார்கள். சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெஜென்னின் சூளையில் வெந்த வெள்ளைத் தட்டில், பெரும்பாலும் துறைமுக நகரமான கான்டனில் (இன்றைய குவாங்சோ) வைத்து எனாமல் வண்ணத்தால் வரைந்து மறுபடி சூடேற்றுவார்கள். போய்த் திரும்ப வருடக்கணக்கில் ஆகும். வெள்ளியைப் போல உருக்கினால் காசு வராது என்பதால் யாரும் அதை உருக்கவில்லை. சின்னத்தை மாற்றுவதும் எளிதல்ல. நிறமும் கண்முன்னே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் சாம்சன் பட்டறை செய்த நகல்களிடம் மட்டும் உஷார்.

ஆக, பணத்தை முடக்க வெள்ளி, குடும்பத்தைத் தேட பீங்கான். நான் பீங்கான் பக்கம். தனித்தட்டாகவே ஏலத்துக்கு வருவதால் ஒன்றிலிருந்து தொடங்கலாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மட்டும் போடாதீர்கள், மேலே வரைந்த எனாமல் மங்கிவிடும்.