பழைய பைக்கின் ஹேண்டில்பார்: எதை மாற்றினேன், எதை மாற்றாமல் வைத்தேன்

அறுபதுகளில் வந்த பிரிட்டிஷ் சிங்கிள் சிலிண்டர் வண்டி ஒன்றைப் பல வருடங்களாக ஓட்டி வருகிறேன். கிரிப்பிலிருந்து கேபிள் வரை அதன் ஹேண்டில்பாரில் கழற்றாத சாமான் இல்லை. சிலவற்றைப் புதிதாகப் போட்டேன், சிலவற்றைப் பழுது பார்த்துத் திரும்ப மாட்டினேன். ஓட்டிப் பார்த்ததில் என் கருத்து இதுதான்: தேய்வதற்கென்றே உள்ள சாமானைத் தயங்காமல் மாற்றிவிடலாம், லீவரையும் அதன் பிராக்கெட்டையும் மட்டும் முடிந்தவரை பழையதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

லீவர் வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது நீளமும் பளபளப்பும். பார்க்க வேண்டியது வேறு. லீவர் சுழலும் போல்ட்டின் நடுவிலிருந்து கேபிள் நிப்பிள், அதாவது கேபிள் நுனியில் இருக்கும் சின்ன உலோகக் குமிழ், உட்காரும் துளையின் நடு வரை எவ்வளவு தூரம்? பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இது பெரும்பாலும் 7/8 அங்குலம் அல்லது 1 1/16 அங்குலம், அதாவது சுமார் 22 அல்லது 27 மி.மீ. மாட்டிவிட்டால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கைக்குத்தான் தெரியும். தூரம் கூடினால் கேபிள் அதிகம் இழுபடும், ஆனால் லீவர் கனக்கும். குறைந்தால் விரல் லேசாக இழுக்கும், ஆனால் அந்தக் கேபிள் இழுப்பு போதாத வண்டியில் கிளட்ச் பிளேட் முழுதாக விலகாது. சிக்னலில் நிற்கும்போது வண்டி முன்னால் நகரப் பார்க்கும், நியூட்ரல் சிக்காது.

எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று விற்கப்பட்ட புது செட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு லீவரும் 27 மி.மீ. முன் ட்ரம் பிரேக் அதுவரை சுமாராகவாவது பிடித்தது. அதன் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பலம் போய்ச் சேரவில்லை. ட்ரம்மில் ஒரு குறையும் இல்லை, பழைய 22 மி.மீ. லீவரைத் திரும்ப மாட்டியதும் பிரேக் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அந்தப் பழைய லீவரில் போல்ட் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்து மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கி, வெண்கல புஷ் (துளைக்குள் பொருத்தும் குழாய் வளையம்) ஒன்றை இறுக்கி, புது போல்ட் போட்டதோடு சரி. இன்றுவரை ஆட்டம் இல்லை.

கேபிள் அப்படியில்லை, அது தேயும் சாமான். உள்ளே நைலான் குழாய் வைத்த அவுட்டருக்கு, அதாவது கேபிளின் வெளி உறைக்கு, மாறியதில் கிளட்ச் நன்றாகவே லேசானது. வெட்டி ஈயம் வைத்து நானே செய்துகொள்கிறேன். முதலில் அவுட்டரை அளவாக வெட்டி வண்டியில் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் உள் கம்பியை வெட்ட வேண்டும். நிப்பிளுக்குள் கம்பியை நேராக நுழைத்து ஈயம் வைத்தால் பிடிப்பு ஈயத்தில் மட்டும்தான் இருக்கும், ஒரு நாள் உருவிக்கொண்டு வரும். நுனியில் இழைகளைப் பூப்போல விரித்து, நிப்பிளின் குழிக்குள் இறக்கி, அப்புறம் ஈயத்தை நிரப்ப வேண்டும். அவ்வளவு செய்தும் கேபிள் அறுவது பெரும்பாலும் லீவர் பக்கத்து நிப்பிளின் கழுத்தில்தான். நிப்பிள் லீவருக்குள் தானாகத் திரும்பாவிட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பி அந்த இடத்திலேயே மடங்கி, இழை இழையாக அறும். துளையில் கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்தால் போதும். இதைச் செய்யத் தொடங்கிய பிறகு வழியில் கேபிள் அறுந்து நின்றதில்லை.

பார் விஷயத்தில் மனசு கேட்காமல்தான் புதிது போட்டேன். பழையது லேசாக வளைந்திருந்தது. சூடாக்கி நிமிர்த்தலாம் என்றார்கள். ஓடும்போது உடைந்தால் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாத சாமான் அது, எனக்குத் துணிவில்லை. பழைய பாருக்கே மறுபடி குரோம் பூச நினைப்பவர்கள் பூசும் கடைக்காரரிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கிளாம்ப் பிடிக்கும் நடுப்பகுதியின் சொரசொரப்பை பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. அது போனால் எவ்வளவு இறுக்கினாலும் பார் மெல்லச் சுழலும். 22 மி.மீ. விட்டமுள்ள பார் என்றால் இடது கிரிப் நேராக ஏறும். வலதுக்கு ஆக்சிலேட்டர் குழாய் மேல் ஏறும் பெரிய துளை வேண்டும், ஆகவே ஜோடியாகவே வாங்குவது நல்லது. ஹாரன் ஒயர் பாருக்குள் நுழையும் துளையில் ரப்பர் வளையம் போட மறக்காதீர்கள், கூர்மையான விளிம்பு இன்சுலேஷனை அறுத்துவிடும்.

எல்லாம் மாட்டியதும் வண்டியை நியூட்ரலில் ஐட்லிங் விட்டு, பாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிப் பாருங்கள். எங்காவது இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். என் புது பார் பழையதைவிடக் கொஞ்சம் உயரம். அதனால் கேபிளை டேங்குக்கு அடியில் வேறு வழியாகக் கொண்டுபோக வேண்டி வந்தது. பார் முனைக் கண்ணாடி மட்டும் இன்னும் அதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது; பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடிகிறது.