ஏழு வருஷம், மூன்று ஹிஞ்ச்

கேட்கக் கூடாத நாளில் தெரிந்த தம்பி ஒருவன் கேட்டுவிட்டான். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளும் ரிப்பேர் கடைகளும் நிறைந்த ரிச்சி தெருவில், சரிபண்ணக் கொடுத்த லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, செங்கல்பட்டு வரைக்கும் லோக்கல் ட்ரெயினில் நின்றபடியே வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போது போன். "அண்ணா, உங்க லேப்டாப் மாடலே செகண்ட்ஸ்ல 14,000-க்கு வருது. எடுக்கலாமா? நீங்க ஏழு வருஷமா வச்சிருக்கீங்களே, நல்லாத்தானே இருக்கும்?"

தோள் பையில் இருந்தது அதே லேப்டாப். மூன்றாவது தடவையாக ஹிஞ்ச் (மூடியையும் அடித்தட்டையும் இணைக்கும் கீல்) வேலை. 1,400 ரூபாய் செலவு, ஒரு நாள் வேலை போனது தனி. "அப்புறம் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது. கம்பெனி பெயரை எழுதவில்லை. அவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தேவையில்லை, ஏனென்றால் இந்த வியாதி ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை.

ஐ5 எட்டாவது தலைமுறை, 15.6 இன்ச், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். 2018 நவம்பரில் ரூ.46,000. பதிவுத்துறையில் ஸ்டார் 2.0 என்ற ஆன்லைன் பத்திரப்பதிவு முறை வந்த வருஷம் அது. நான் சார்பதிவாளர் அலுவலகம் பக்கத்தில் ஒரு ரைட்டரிடம் பத்திரம் டைப் அடிப்பவன். பாதிப் பத்திரத்தில் கரண்ட் போய், பார்ட்டி முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் போதும் என்றுதான் லேப்டாப் எடுத்தேன். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை மூடித் திறப்பேன். விற்பவருக்குத் திரையைத் திருப்பிக் காட்டணும், வாங்குபவருக்குத் திருப்பணும், டீ வந்தால் மூடணும், ஆபீசுக்குள் தூக்கிக்கொண்டு ஓடணும். வீட்டில் படம் பார்க்க மட்டும் வைத்திருப்பவருக்கு என் கோபம் கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம்.

2020 ஜனவரி. வாரண்டி முடிந்து இரண்டு மாதம். காலையில் மூடியைத் திறந்தேன், இடது மூலையில் 'டக்' என்றது. திரைச் சட்டமும் மேல்மூடியும் பிரிந்து மீன் வாய் மாதிரி பிளந்துகொண்டு நின்றன. கீழே போட்டதில்லை, மேலே எதுவும் வைத்ததில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். "பிசிக்கல் டேமேஜ் சார், வாரண்டி இருந்தாலும் வராது" என்று ஆரம்பித்து, மேல்மூடி, ஹிஞ்ச், கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 9,800-க்கு எஸ்டிமேட் போட்டுக் கையில் கொடுத்தார்கள். விழவே இல்லையே என்றேன். "விழுந்தாத்தான் உடையும்னு இல்ல சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர். அதைத்தானய்யா நானும் சொல்கிறேன்!

உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போது தெரியும், ஏனென்றால் என் லேப்டாப்பின் வயிற்றை என் முகத்தைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். ஹிஞ்ச் எஃகு. அதைப் பிடிக்கும் திருகுகள் இறங்குவது குட்டிக் குட்டிப் பித்தளை நட்டுகளுக்குள். அந்த நட்டுகளைச் சூடு காட்டி பிளாஸ்டிக்கில் அழுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் பிடிமானம். திரை நாம் நிறுத்திய கோணத்தில் நிற்க வேண்டுமென்று ஹிஞ்சை இறுக்கமாக வைக்கிறார்கள். அதனுள்ளே இருக்கிற கிரீஸ் நாளடைவில் காய்ந்தால் இறுக்கம் இன்னும் ஏறுகிறது. அதற்கப்புறம் மூடியைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த விசை முழுக்க நட்டுகள் மேல். எஃகு வளையாது, பித்தளை உடையாது, பிளாஸ்டிக்தான் விட்டுக்கொடுக்கணும். போன வாரம் இதைச் சரிபண்ணிக் கொடுத்த ரிச்சி தெரு பாய் சொன்னது: "ஹிஞ்ச் உடையவே இல்ல சார். கதவு தேக்கு, நிலை தெர்மாகோல்."

9,800 கொடுக்க மனசு வரவில்லை. ஊரிலேயே ஒரு கடையில் 800 ரூபாய்க்கு அரால்டைட் வைத்து ஒட்டினார்கள். எட்டு மாசம் வந்தது. குறை சொல்ல மாட்டேன், 800-க்கு எட்டு மாசம். ஆனால் ஒட்டும்போது ஹிஞ்ச் பக்கத்தில் ஓடும் டிஸ்ப்ளே கேபிளை நசுக்கி வைத்துவிட்டார்கள் போல. மூடியை ஆட்டினால் திரையில் கோடு கோடாக வந்து போகும். இன்னொரு கடையில் காட்டினேன். பையன் இரண்டு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "பேனல் போச்சு சார், 6,500."

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், காசு மிச்சமாகும் இடம் இது. வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ ஒயரைச் செருகிப் பார்த்தேன். டிவியில் படம் சுத்தமாக இருந்தது, ஆக போர்டிலும் கிராஃபிக்ஸிலும் கோளாறு இல்லை. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் கோடு இடம் மாறுகிறது, ஒரு கோணத்தில் மறைந்தே போகிறது. திரையே செத்திருந்தால் மூடியை எந்தக் கோணத்தில் வைத்தாலும் கோடு அதே இடத்தில் நிற்கும். அசைத்தால் மாறுவது பெரும்பாலும் கேபிள். கேபிள் 900 ரூபாய்க்கு முடிந்தது. அந்த எச்டிஎம்ஐ ஒயர் மட்டும் கைவசம் இல்லையென்றால் 6,500 கொடுத்து, புதுத் திரையிலும் அதே கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

அரால்டைட் விட்டுப்போன பிறகு 2021 பிப்ரவரியில் முதல் தடவையாக ரிச்சி தெரு. தெரியாதவர்களுக்கு: பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலில் மெட்ரோ பிடித்தால் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம், அங்கிருந்து நடை. ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள். தெருவுக்குள் நுழைந்ததுமே "சார் லேப்டாப் சர்வீஸா?" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். கூப்பிடாத கடைக்குப் போவது என் வழக்கம். அங்கே கேட்ட முதல் கேள்வி: "ஏ மட்டுமா, ஏபி-யா?" எனக்குப் புரியவில்லை. அப்புறம் விளக்கினார்கள். எங்கள் தொழில் பாஷையில் செக்குபந்தி (சொத்தின் நான்கு எல்லை விவரம்) போட்டால் இப்படி வரும்: மேல்மூடி ஏ பேனல், திரையைச் சுற்றிய சட்டம் பி, கீபோர்டு உட்காரும் தட்டு சி, அடிமூடி டி. இந்த நான்கெல்லைக்கு உட்பட்டதே மேற்படி லேப்டாப். எனக்கு ஏ, பி இரண்டும் ஹிஞ்சோடு 3,200. கம்பெனி ஒரிஜினல் இல்லை, பொருந்துகிற கம்பேட்டிபிள் பொருள்தான், நிறம் ஒரு மாற்றுக் குறைவு. ஆனால் ஐந்து வருஷம் உழைத்தது. சர்வீஸ் சென்டர் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்கு.

நடுவில் வந்த மற்ற செலவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டது, இந்த மெஷினுக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். ஆன் பண்ணிவிட்டு டீ குடிக்கப் போன காலம் போய், டீ சொல்லி முடிப்பதற்குள் திறந்துகொள்கிறது. ஃபேன் தூசி தட்டி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்ற 500, இரண்டு தடவை.

பேட்டரி வேறு விதமாக ஏமாற்றியது. 2022-ல் டச்பேடு கிளிக் ஆகாமல் மரத்துப் போச்சு. டச்பேடு மாற்றணும் என்று நினைத்துப் போனால், அடிமூடியைக் கழற்றிய பையன் ஒன்றும் பேசாமல் விரலால் காட்டினான்: பேட்டரி அப்பளம் மாதிரி உப்பி, கீழிருந்து டச்பேடை முட்டிக்கொண்டிருந்தது. உப்பின பேட்டரியை அமுக்கிப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது, "இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம்" என்பது எதுவும் வேண்டாம். தீப்பிடிக்கும் சமாச்சாரம். 2,400-க்குப் போட்ட கம்பேட்டிபிள் பேட்டரி நாலு மாசத்தில் பாதியாகத் தேய்ந்துவிட்டது. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் என்று ஒன்று எடுக்கலாம். தயாரித்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழுசாக ஏறினால் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். பேட்டரி போட்ட அன்றே அதை எடுத்து வைத்துக்கொண்டதால், கடையில் சண்டை போடாமலேயே மாற்றிக் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் காகிதம் காப்பாற்றாத இடம் குறைவு. நான் பத்திரக்காரன்.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் ஏழு வருஷம் வைத்திருக்கிறேன் என்றால், கீபோர்டு. வேறு காரணமே இல்லை. தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் அடிக்கிறேன். நாள் முழுக்க 'இதனால் சகலமானவர்களுக்கும்' வகையறா நீட்டி முழக்கிய வாக்கியங்கள். விரல் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு புள்ளி விட்டுப்போனதில்லை. சாவி கீழே போய் மேலே வரும் அளவு, அந்த மெத்தென்ற சத்தம், வலப்பக்கம் முழு எண் பலகை (சர்வே எண்ணும் பரப்பளவும் அடிப்பவனுக்கு அது சோறு மாதிரி). ஏ, எஸ், எச் எழுத்துகள் அழிந்தே போய்விட்டன. எனக்கு என்ன நஷ்டம்? அங்கே இருப்பது எனக்கு அ, இ, க. தமிழ் எழுத்து அந்தக் கீபோர்டில் என்றைக்குமே அச்சாகவில்லை, அழிவதற்கு ஒன்றும் இல்லை. ரைட்டர் ஐயா புதுசாக வாங்கிய மெல்லிய லேப்டாப்பில் ஒரு நாள் அடித்துப் பார்த்தேன். மேஜையைத் தட்டுவது போல இருந்தது.

ஒரு பயம் மட்டும் உண்டு. இந்தக் கீபோர்டு தனியாகக் கழறாது. சி பேனலோடு பிளாஸ்டிக் முளைகளை உருக்கி ஒட்டிவிட்டிருக்கிறார்கள். ஒரு சாவி போனாலும் முளைகளை எல்லாம் செதுக்கி, புதுசை வைத்து மறுபடி உருக்கணும், இல்லையென்றால் சி பேனலோடு சேர்த்து வாங்கணும்.

இப்போது மூன்றாவது ஹிஞ்சுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தத் தடவை நட்டு பிடுங்கிக்கொண்டு வந்தது சரியாக அந்த சி பேனலில். "சி பேனல் மாத்திடலாம் சார், கீபோர்டும் புதுசா வந்துடும்" என்று முதல் கடையில் ஆசை காட்டினார்கள். என் கீபோர்டைத் தொடாதே என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்த சந்தில், மாடியில், மேஜை முழுக்க திறந்த போர்டுகளோடு ஒரு பாய். எஸ்எஸ்டியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கொடுத்தேன். பார்ட்டிகளின் ஆதார் நகலெல்லாம் அதில் இருக்கிறது, யாரிடம் கொடுத்தாலும் இதைச் செய்வேன். அவர் கோபப்படவில்லை. பழைய நட்டுகளைச் சுத்தம் பண்ணி, கீழே ஒரு தகட்டுத் துண்டு வைத்து, எபாக்ஸி ஊற்றி, "மூணு மணி நேரம் காயணும், சாப்பிட்டு வாங்க" என்றார்.

திரும்பி வந்தபோது ஹிஞ்சைத் தனியாகக் கையில் வைத்திருந்தார். "பாருங்க சார்" என்று என்னிடம் கொடுத்து மடக்கச் சொன்னார். மடக்க முடியவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன், அப்போதும் முக்கி முனகித்தான் அசைந்தது. அவர் ஒரு துளி கிரீஸ் வைத்து, முனையில் இருந்த நட்டை ஸ்பேனரால் கால் சுற்று தளர்த்தினார். கால் சுற்றுதான். "இப்பப் பண்ணுங்க." விரலால் மடங்கியது. மாட்டிப் பார்த்தால் திரை எந்தக் கோணத்திலும் சரியாமல் நிற்கிறது, ஒற்றைக் கையால் தூக்கினாலும் அடித்தட்டு கூடவே எழும்புவதில்லை. "இத முதல்லயே பண்ணியிருந்தா மூணு தடவையும் வந்திருக்க வேணாம் சார்."

அந்தக் கால் சுற்றுக்கு அவர் தனியாகக் காசு வாங்கவில்லை.

ரயிலில் நின்றுகொண்டு கணக்குப் போட்டேன். 800, 900, 3,200, 1,400. 6,300 ரூபாய், நாலு நாள் வேலை, ஒரு தடவை பார்ட்டி முன்னால் திரை கழன்று தொங்கியது. எல்லாம் கால் சுற்று நட்டுக்காக. 2020-ல் 9,800-க்கு எஸ்டிமேட் போட்ட இடத்தில் ஒரு ஸ்பேனர்கூடவா இல்லை? 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கென்று வலைத்தளமே திறந்தது. நல்ல காரியம். அந்த உரிமை என் ஊருக்கு வரும்போது கையில் ஸ்பேனரோடு வரட்டும்.

சரி தம்பி, உன் கேள்வி. 14,000 நியாயமான விலைதான். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. இது எட்டாவது தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 ஏறும். ஏழாவதாக இருந்தால் பாதி விலைக்குக் கூட யோசி என்பேன். ரேம் விலை 2025 கடைசியில் ஏறியதைப் பார்த்திருப்பாய், அதனால் 8 ஜிபி உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பார். இந்தக் கீபோர்டு மாதிரி இன்றைக்கு எந்த விலையிலும் வருவதில்லை. உதிரி எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். ஏழு வருஷத்தில் போர்டு ஒரு தடவைகூட முரண்டு பண்ணியதில்லை.

வாங்காதே.

இன்றைக்கு என்னிடம் கேட்டால் இதுதான் பதில். மூடித் திறக்கும் பொருளில், மூடித் திறக்கும் இடத்தையே கோட்டை விட்டவன் பொருளுக்கு நீ ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டாய் என்றால், பாய் கடைக்கு அழைத்துப்போகிறேன். உடையும் முன்பே அந்தக் கால் சுற்றைத் தளர்த்திக்கொள், அதுவரை மூலையைப் பிடித்துத் தூக்காதே, நடுவில் கை வைத்துத் திற.

கொடுக்கவில்லை, விட்டுவிட்டாய் என்றால் அதை விற்கிற ஆளின் நம்பரை எனக்கு அனுப்பு. கீபோர்டு நல்லா இருந்தால் சி பேனலுக்காக நான் எடுத்துக்கொள்கிறேன்.