கூரை வெயிலா, மலைநாட்டுத் தண்ணீரா?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சோலார் பூட்டியதிலிருந்து பக்கத்து வீட்டு அண்ணர் ஒரே கேள்விதான் கேட்கிறார்: "தம்பி, எல்லாரும் இப்பிடிப் பூட்டினா, பிறகு அணைக்கட்டெல்லாம் எதுக்கு?" பூட்டிய ஆள் நான்தான். ஆனாலும் என் வாக்கு அணைத் தண்ணீரில் எடுக்கும் மின்சாரத்துக்கு.

சோலாரின் நன்மை ஊரறிந்தது. எரிபொருள் வேண்டாம், கரண்ட் பில் இறங்கும், சும்மா கிடந்த கூரைக்கு ஒரு வேலை. கடற்கரைப் பக்கம் என்பதால் உப்புப் படியும், கழுவிவிட்டால் சரி.

சிக்கல் பொழுதுபட்ட பிறகுதான். இலங்கையில் மின் தேவை உச்சத்துக்கு ஏறுவது மாலை 6.30 முதல் 10.30 வரை. வீடு வீடாக லைட், ஃபேன், டீவி எல்லாம் ஓடும் நேரம். அப்போது என் தகடுகள் வெறும் கண்ணாடி. மீட்டரில் மின்வலைக்குக் கொடுத்த கணக்கு அசையாது, வாங்கும் கணக்கு மட்டும் ஏறும்.

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களின் தண்ணீர் அப்படியல்ல. பகலில் தேக்கி வைத்து, ஏழு மணிக்கு வேண்டுமென்றால் ஏழு மணிக்குத் திறக்கலாம். சில நிமிடங்களில் சுழலி வேகம் பிடித்துவிடும். 900 மெகாவாட் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்திடம் அந்தச் சுறுசுறுப்பை எதிர்பார்க்க முடியாது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனபோது, நுரைச்சோலை வழமைக்குத் திரும்பும்வரை அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு செய்த வேலை என்றார்கள், எல்லோரும் சிரித்தோம். ஆனால் குரங்கு மட்டுமா காரணம்? விடுமுறை நாள், தேவை குறைவு, கூரை மின்சாரம் அதிகம். அப்படியான நேரத்தில் பெரிய நிலையங்களின் கனத்த சுழலிகள் குறைவாகவே சுற்றும்; அப்போது மின்வலை ஒரு சின்ன உலுக்கலையும் தாங்காது. அன்று நல்ல வெயிலிலும் எங்கள் மாடித் தகடுகளால் பயனில்லை. வெளியே கரண்ட் இல்லையென்றால், லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக, தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கேற்றபடி மாற்றும் இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும். இருண்ட வலையை மறுபடி எழுப்பத் தொடங்குவதும் நீர்மின் நிலையங்களை வைத்துத்தான்.

தண்ணீருக்குள்ள பெரிய குறை மழை. 1996 வறட்சியில், ஏறக்குறைய முழு மின்சாரத்துக்கும் நீர்த்தேக்கங்களையே நம்பியிருந்த நாடு மணிக்கணக்கில் இருட்டில் கிடந்தது. பெரிய அணைகளுக்கு இனி இடமும் அதிகமில்லை. 2024இல் திறந்த 120 மெகாவாட் உமா ஓயாவுக்குச் சுரங்கம் வெட்டியபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. அந்த மக்களிடம் போய் நீர்மின்சாரத்தின் பெருமை பேச எனக்கு வாய் வராது.

பற்றரி பூட்டினால் இரவுப் பிரச்சினை தீருமா? நான் பூட்டவில்லை, அதனால் அதன் ஆயுளைப் பற்றிச் சொல்ல வரவில்லை. அண்ணருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பகலில் கூரைகள் கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மலையில் அவ்வளவு தண்ணீரை இரவுக்கு மிச்சம் பிடிக்கலாம். மிஞ்சும் பகல் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் இறக்கும் 600 மெகாவாட் திட்டம் ஒன்று மஹா ஓயாவுக்குப் பேசப்படுகிறது. அது வந்தால் என் கூரைக்கும் இரவில் கொஞ்சம் மதிப்பு வரும்.