ஸ்டிக்கரை உரித்தால் வேறு தேதி: ஃபாரின் பால்பவுடர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம், வெளிநாட்டுப் பொருள் விற்கும் ஒரு ஃபாரின் சாதனக் கடையில் 2025 கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் இரண்டரை கிலோ பால்பவுடர் டின் ஒன்று வாங்கினோம். விலை 2,100 ரூபாய். காலாவதியாகி ஆறு மாதம் ஆன டின் அது. பழைய தேதியை அழித்துவிட்டு, புதுத் தேதி அச்சடித்த ஸ்டிக்கரை மேலே ஒட்டி விற்றிருக்கிறார்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது. அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்தால் தீர்ந்துவிடும் விஷயமாகவும் இது தெரியவில்லை. அதே அச்சில் அதே ஸ்டிக்கர் ஒட்டிய டின்களை அப்புறம் நாகர்கோவிலிலும் பார்த்தேன்.

நம் மாவட்டத்தில் கல்ஃப் பால்பவுடருக்கு உள்ள மவுசை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். வீட்டுக்கு ஒருவராவது சவுதியிலோ துபாயிலோ ஓமனிலோ இருந்திருப்பார். லீவுக்கு வரும்போது கயிறு கட்டிய அட்டைப்பெட்டி வரும். அதற்குள் பால்பவுடர், டேங்க் ஜூஸ் பவுடர், கோடாலித் தைலம், சாக்லேட். அந்த டீயின் ருசி நாக்கில் ஏறிய வீடுகளில் இன்றைக்கும் ஆவின் பாலை இரண்டாம் தரமாகத்தான் நினைக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஆள் திரும்பி வந்தபிறகும் பழக்கம் போவதில்லை. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் இந்தக் கடைகள் நடக்கின்றன. மாமா கொண்டுவந்த பெட்டியின் மேல் வைத்த நம்பிக்கையை அப்படியே கடை ஷெல்ஃபுக்கும் கொடுத்துவிடுகிறோம். ஆனால் மாமா அங்கே கடையில் தேதி பார்த்து வாங்கிப் போட்டவர். கடை டின் எந்த வழியாக வந்தது என்று யாருக்கும் தெரியாது.

டின்னைத் திறந்ததும் காறல் வாடை அடித்தது. நாள்பட்ட தேங்காயெண்ணெயில் வருமே, அந்த வாடைதான். முழுக்கொழுப்புப் பால்பவுடர் பழசானால் அதிலுள்ள கொழுப்பு காற்றுபட்டுக் கெட்டு இப்படித்தான் வாடை வரும். அம்மா ஒரு டீ போட்டுக் குடித்தார், ராத்திரி வயிறு சரியில்லாமல் போனது. அது பால்பவுடரால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். வாடையே போதும் என்று டின்னை மூடி வைத்துவிட்டோம்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது மாமா. அவர் ரியாத்தில் ஒரு பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில், வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர். டின்னைக் கையில் வாங்கியதும் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்த்தார். அங்கே வெள்ளை ஸ்டிக்கர்: தயாரிப்பு 03/2025, எக்ஸ்பயரி 02/2027. ஓரத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிடச் சொன்னார். ஸ்டிக்கர் முழுசாக உரிந்து வந்தது. அடியில் ஆங்கிலத் தேதி இருந்த இடம் தின்னர் போட்டுத் துடைத்த மாதிரி மங்கிக் கிடந்தது. அதற்குக் கீழே அரபி எண்ணில் இருந்த வரியை மட்டும் துடைக்காமல் விட்டிருந்தார்கள். துடைத்தவருக்கு அது தேதி என்றே தெரிந்திருக்காது.

அரபி எண்ணில் 5 ஒரு சின்ன வட்டம், நம் கண்ணுக்குப் பூஜ்யமாகத் தெரியும். அவர்களுடைய பூஜ்யம் வெறும் புள்ளி. 6 நம் 7 மாதிரி இருக்கும். அவர்களுடைய 7 ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி, 8 அதையே தலைகீழாகக் கவிழ்த்தது. இந்த நாலைந்தைத் தெரிந்து வைத்துக்கொண்டாலே கல்ஃப் டின்னின் தேதியைப் படித்துவிடலாம். எங்கள் டின்னில் இருந்தது 2025 ஜூன்.

“மக்களே, இத நான் அங்க ஷெல்ஃப்ல வெச்சிருந்தா பலதியாக்காரன் வந்து ஷட்டரை இறக்கிருப்பான்” என்றார் மாமா. பலதியா என்பது அங்குள்ள முனிசிபாலிட்டி.

அதே பையில் தங்கை மகனுக்கு வாங்கிய வேஃபர் பாக்கெட்டும் இருந்தது. அவனுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது, ஒரு வாய் போனாலே உதடு வீங்கிவிடும். அதனால் தங்கை கடையிலேயே பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தாள். ஸ்டிக்கரில் கோதுமை, சர்க்கரை, கொக்கோ, பாமாயில் என்று மட்டும் இருந்தது. ஆனால் அந்த ஸ்டிக்கரையே கம்பெனி அச்சடித்த ஆங்கிலப் பட்டியலின் மேல்தான் ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த அரபிப் பட்டியலில் நிலக்கடலையும் இருப்பதாக மாமா படித்துச் சொன்னார். நல்லவேளை, பிள்ளை அதுவரை பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. எனக்குப் பால்பவுடரைவிட இதுதான் அதிகக் கோபம். காறல் வாடையை மூக்கு காட்டிக் கொடுத்துவிடும். மறைத்து வைத்த நிலக்கடலையை யார் காட்டிக் கொடுப்பார்? நிலக்கடலை, முந்திரி பாதாம் வகைகள், பால், முட்டை, மீன், சோயா, குளூட்டன் உள்ள தானியம் இவை சேர்ந்திருந்தால் லேபிளில் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

இறக்குமதிப் பொருளில் ஸ்டிக்கர் இருப்பதே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. முறையாக வரும் சரக்கிலும் ஸ்டிக்கர் இருக்கும். சுங்கக் கிடங்கில் வைத்து, இறக்குமதி செய்தவரின் பெயர் முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையும் உரிம எண்ணும், சைவ அசைவக் குறி ஆகியவற்றை உரிக்க முடியாத ஒரே ஸ்டிக்கராக ஒட்ட அனுமதி உண்டு. ஆனால் தேதி, சேர்மானம், பேட்ச் எண் இதெல்லாம் தயாரித்த கம்பெனி போட்ட லேபிளிலேயே இருக்க வேண்டும். அது இல்லாமல் வந்த சரக்கை ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்ய விட மாட்டார்கள், உள்ளே விடுவதும் இல்லை. ஆகவே ஸ்டிக்கரில் எக்ஸ்பயரி தேதி இருந்து, டின்னில் வேறெங்கும் தேதியே இல்லை என்றால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

எங்கள் ஸ்டிக்கரில் இறக்குமதியாளர் என்ற வரியே இல்லை. ‘மார்க்கெட்டட் பை’ என்று ஒரு பெயர், முகவரிக்குப் பதில் வெறும் ஊர்ப்பெயர், 224 என்று தொடங்கும் 14 இலக்க எண். இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிகளுக்கான வெறும் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. வெளிநாட்டிலிருந்து உணவு இறக்குமதி செய்கிறவர் மத்திய உரிமம் வாங்கியிருக்க வேண்டும், அதன் எண் 100 என்று தொடங்கும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். எங்கள் ஸ்டிக்கர் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். வேறொரு மாவட்டத்தில் பலகாரம் செய்யும் ஒருவர் பெயரில் வந்தது, அதுவும் புதுப்பிக்காமல் முடிந்துபோனது. அந்தப் பாவப்பட்ட மனுஷனுக்குத் தன் எண் ஊர் ஊராகச் சுற்றுவது தெரியுமோ என்னவோ.

பெயரும் முகவரியும் உள்ள இறக்குமதியாளர் ஏன் வேண்டும் என்றால், தப்பு நடந்தால் பிடிப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். 2022 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஆர்லான் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையில் செய்த கிண்டர் சாக்லேட்டுகளில் சால்மோனெல்லா கிருமிப் பிரச்சினை வந்து, பல நாடுகளில் சரக்கைத் திரும்ப எடுத்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் முறையாக வந்த சரக்கென்றால் இறக்குமதியாளர் வரைக்கும் தகவல் வரும், அவர் கடைகளுக்குச் சொல்வார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் குருவிகள் (கூலிக்குச் சரக்கு கொண்டுவரும் பயணிகள்) பெட்டியில் கொண்டுவந்து இறக்கிய சரக்குக்கு யார் யாரிடம் சொல்வார்? சொந்த உபயோகத்துக்கு என்று கொண்டுவருவதைக் கடையில் வைத்து விற்கவே கூடாது. அதை எந்த அதிகாரியும் பரிசோதித்திருக்க மாட்டார்.

அந்தக் கடையிலேயே சீன எழுத்து போட்ட பால் மிட்டாயும் சாக்லேட்டும் ஒரு தட்டு நிறைய இருந்தது. 2008-இல் சீனாவில் பால்பவுடரில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்து குழந்தைகள் இறந்தபிறகு, சீனப் பால் பொருள்களுக்கு இந்தியா தடை போட்டது. பால் சேர்ந்த சாக்லேட்டும் மிட்டாயும் அதில் அடக்கம். தடையைப் பிற்பாடு பலமுறை நீட்டித்தார்கள். ஆக, அந்தத் தட்டில் இருந்தது நேர்வழியில் வந்திருக்க முடியாது. அதைப் பார்த்ததும் மற்ற ஷெல்ஃபுகளைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வரலாம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பார்கோடு பாடத்தை மட்டும் நம்பாதீர்கள். 690 முதல் 699 வரை தொடங்கினால் சீனா, 890 என்றால் இந்தியா, அதனால் பயமில்லை என்பார்கள். அந்த எண், கம்பெனி எந்த நாட்டு அமைப்பிடம் பார்கோடு வாங்கியது என்பதைத்தான் சொல்லும். பொருள் எங்கே தயாரானது என்று சொல்லாது. தயாரித்த நாடு எது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எம்.ஆர்.பி.யும் ரூபாயில் அச்சாகி இருக்க வேண்டும். எங்கள் டின்னில் மார்க்கர் பேனாவால் எழுதிய விலைதான் இருந்தது.

இன்னொன்று, ஆயுள் குறைந்த சரக்கு. உள்ளே வரும் சரக்குக்குச் சுங்கத்தில் குறைந்தது 60 சதவீத ஆயுளோ, காலாவதிக்கு மூன்று மாதமோ, எது குறைவோ அது மிச்சம் இருந்தால் போதும் என்கிறது 2017 இறக்குமதி விதி. இரண்டு வருஷம் ஆயுளுள்ள டின் மூன்று மாத ஆயுளோடு சட்டப்படியே உள்ளே வரலாம். அது விற்றுத் தீர மூன்று மாதம் போதாது என்றால் மிச்சம் எங்கே போகும்? ஸ்டிக்கர் அடிக்கிறவர் கைக்குத்தான் போகிறது என்பது என் ஊகம்.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். டின்னின் எல்லாப் பக்கமும், உரித்த ஸ்டிக்கரும், துடைத்த இடமும் தெரிகிற மாதிரி படம் எடுத்து மாநில உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு அனுப்பினேன். அதற்கு அப்புறம்தான் கடைக்குப் போனேன். இந்த வரிசை முக்கியம். முதலில் கடையில் போய்ச் சத்தம் போட்டால் மறுநாள் ஷெல்ஃப் காலியாகிவிடும்.

கடைக்காரர் அசரவில்லை. “அண்ணே, இது நம்ம ஊரு சாதனம் இல்ல, கல்ஃப் சாதனம். வாசம் அப்படித்தான் இருக்கும்” என்றார். ஸ்டிக்கரைக் காட்டினேன். “அது மேல உள்ள ஏஜென்சிக்காரன் ஒட்டினது, நமக்கு ஒண்ணும் தெரியாது.” பிரித்த டின்னைத் திரும்ப எடுக்க மாட்டாராம். வாங்கின அன்றைக்கே பில் கேட்டதற்கு, பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும், விலை கூடும் என்று சிரித்துக்கொண்டே தட்டிக் கழித்தவர்தான். ஜிபேயில் பணம் போட்ட பதிவுதான் இப்போது என்னிடம் உள்ள சாட்சி. பில் தருகிற கடை என்றால் அதில் கடையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் இருக்க வேண்டும், 2022 ஜனவரி முதல் அது கட்டாயம்.

அதிகாரிகள் வந்தார்கள். நான் பிரித்த டின்னை எடுத்துக்கொள்ளாமல், கடையில் சீல் உடையாமல் இருந்தவற்றிலிருந்து மாதிரி எடுத்தார்கள். பகுப்பாய்வு அறிக்கை வர வேண்டும். தவறான லேபிளோடு விற்றது உறுதியானால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பாதுகாப்பற்ற உணவு என்று முடிவானால் சிறைத் தண்டனையும் உண்டு.

என் 2,100 ரூபாய் அதில் திரும்ப வராது. அதற்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில்தான் மனு போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும், வக்கீல் கட்டாயமில்லை. மனு எழுதி வைத்திருக்கிறேன், பகுப்பாய்வு அறிக்கையின் நகல் கிடைத்ததும் இணைத்துக் கொடுப்பேன். இதே மாதிரி ஸ்டிக்கர் டின் உங்கள் வீட்டிலும் இருந்தால் தூர எறிந்துவிடாதீர்கள். ஸ்டிக்கரும் பணம் கட்டிய பதிவும் பத்திரமாக இருக்கட்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்து எண் வாங்கி வையுங்கள்.