அமெரிக்கக் கணக்காய்வுக்கு ட்ரக் கொம்பனியை ஆயத்தப்படுத்த: ஏஜென்சியா, எங்கள் கையா?

ஒன்ராறியோவில் ட்ரக் கொம்பனி தொடங்கி, அம்பாசடர் பாலத்தால் டெட்ரொயிட் பக்கம் சரக்குக் கொண்டுபோக யூ.எஸ். டொட் இலக்கம் (அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவு இலக்கம்) எடுத்தவர்களுக்கு ஒரு கடிதம் வரும். புதிதாக வந்த கொம்பனியை ட்ரக் கொம்பனிகளின் பாதுகாப்பைப் பார்க்கும் அமெரிக்க அரசின் எஃப்.எம்.சி.எஸ்.ஏ. 18 மாதம் கண்காணிப்பில் வைத்திருக்கும். முதல் 12 மாதத்துக்குள் பாதுகாப்புக் கணக்காய்வும் நடக்கும். கனடாக் கொம்பனி என்று விலக்கு இல்லை.

எங்களிடம் நான்கு ட்ரக், ஐந்து சாரதிகள். முதலில் மாதக் கட்டணம் கட்டி, கணக்காய்வுக்கான தாள் வேலை எல்லாவற்றையும் அதற்கென்றே இருக்கும் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்தோம். ஐந்து மாதம் கழித்துக் கோப்புகளை யார்டுக்கே கொண்டுவந்து நாங்களே செய்தோம். அப்படித்தான் கணக்காய்வில் தேறினோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

ஏஜென்சிக்குரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சாரதிக் கோப்பு கட்டுவதில் அவர்களை மிஞ்ச முடியாது. வேலை விண்ணப்பம், கடந்த மூன்று வருசம் ட்ரக் ஓட்டிய இடங்களில் விசாரித்த பதிவு, வருசாவருசம் எடுக்கவேண்டிய சாரதி அப்ஸ்ட்ராக்ட் (லைசன்ஸ், குற்றப் பதிவுத் தாள்), ஓட்டப் பரீட்சைச் சான்று என்று ஐந்து பேருடையதையும் ஒரே கிழமையில் முடித்துத் தந்தார்கள். ஒன்ராறியோவில் பெரிய ட்ரக் ஓட்டும் ஏ.இசட். லைசன்ஸ் வைத்திருப்பவருக்குப் பொதுவாக அமெரிக்க மருத்துவ அட்டை தனியாக வேண்டாம் என்பதையும் அவர்களிடம்தான் அறிந்தோம். காப்புறுதி, டொட் பதிவுத் திருத்தம் போன்றவற்றை யார் செய்தாலும் ஒன்றுதான்.

போதைப்பொருள், மதுப் பரிசோதனையை மட்டும் இன்றைக்கும் வெளியில்தான் வைத்திருக்கிறோம். எழுந்தமானமாக ஆள் தெரிவு செய்து, வருசத்துக்குச் சாரதிகளின் சராசரி எண்ணிக்கையில் 50 வீதத்துக்குப் போதைப்பொருள் பரிசோதனையும் 10 வீதத்துக்கு மதுப் பரிசோதனையும் நடக்கவேண்டும். ஐந்து பேரின் பெயரை நாங்களே குலுக்கி எடுத்தால் யார் நம்புவார்கள்? தனக்குத்தானே முதலாளியாக ஓடும் ஒற்றைச் சாரதி பல கொம்பனிகளின் சாரதிகளைச் சேர்த்துப் பரிசோதனை நடத்தும் ஒரு கூட்டுக் குழுவில் கட்டாயம் சேர்ந்தே ஆகவேண்டும். இந்தத் திட்டம் இல்லாமல் இருப்பது, மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் நேரே தோற்கடிக்கும் 16 குற்றங்களில் ஒன்று. இதில் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம்.

இனி, என்னை மறுபக்கம் தள்ளிய விசயத்துக்கு வருகிறேன். கணக்காய்வாளர் ஒரு தாளை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு தாள் மற்றத் தாளுடன் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஏஜென்சியின் கோப்பில் ஒவ்வொரு தாளும் அழகாக இருந்தது. ஆனால் ஒன்றுக்கொன்று பேசவில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் யார்ட் கொட்டிலில் ஹீற்றரைப் போட்டுவிட்டு, ஒரே ஒரு ட்ரெயிலரின் ஒரு மாதத்துத் தாள்களை மேசையில் பரப்பினேன். சாரதியின் நாளாந்தப் பரிசோதனை அறிக்கையில், பின்பக்க வலது பிரேக்கில் காற்றுக் கசிவு என்று பேனையால் எழுதியிருந்தது. அடுத்த நாளே அந்த ட்ரெயிலர் பாலம் தாண்டியிருக்கிறது. திருத்தியதற்கு அடையாளமே இல்லை. மெக்கானிக்குக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, அது அண்டைக்கு இரவே செய்தாச்சு. ஹோஸ் மாத்தினனான்," என்றார். அவருடைய பில்லைத் தேடி எடுத்தால், அதில் 'பிரேக் வேலை' என்று மட்டும் இருந்தது. திகதி, மூன்று நாள் கழித்து பில் அடித்த திகதி. ட்ரெயிலர் இலக்கமும் இல்லை.

வேலை நடந்திருக்கிறது. ஆனால் தாளின்படி, பழுதான பிரேக்கோடு நாங்கள் ட்ரெயிலரை வீதியில் விட்டிருக்கிறோம். வீதியில் ஓடவே கூடாத அளவான பழுதைச் சாரதி எழுதிக் கொடுத்த பிறகும் திருத்தாமல் ஓடவிடுவதும் அந்த 16 குற்றங்களில் ஒன்று. ஏஜென்சியிடம் அறிக்கையும் இருந்தது, பில்லும் இருந்தது. இரண்டும் வேறு வேறு கோப்பில். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த இரவு யார்டில் என்ன நடந்தது என்று ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கே ஒரு வழக்கம் வைத்தோம். பழுது எழுதிய அறிக்கையின் அடியிலேயே மெக்கானிக் திருத்திய திகதியை எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். பில்லில் வாகன இலக்கம் இல்லாவிட்டால் காசு இல்லை. இரண்டையும் சேர்த்துக் குத்தி, அந்த வாகனத்தின் கோப்பில் போடுகிறோம். அமெரிக்க விதிப்படி பரிசோதனை அறிக்கையை மூன்று மாதம், பராமரிப்புப் பதிவை ஒரு வருசம், வாகனத்தை விற்ற பிறகு இன்னும் ஆறு மாதம் வைத்திருந்தால் போதும்.

சாரதியின் நேரப் பதிவான லொக் விசயமும் இப்படித்தான். லொக்கைத் தானாகப் பதியும் ஈ.எல்.டி. கருவி பூட்டியாயிற்று, இனிப் பயமில்லை என்று நானும் நம்பினேன். ஒரு சாரதியின் லொக்கில் டொலீடோவில் பிற்பகல் 2 மணி தொடக்கம் 2.35 வரை ஓய்வு. டீசல் பற்றுச்சீட்டில் நேரம் 2.20. டீசல் அடிப்பது கடமை நேரம். அதை ஓய்வென்று போட்டால் பொய்ப் பதிவு. "எட்டு மணித்தியாலம் ஓடினால் அரை மணி ஓய்வு காட்டவேணும்தானே, அதுதான் போட்டனான்," என்றார் தம்பி. 2020 செப்ரெம்பர் 29 முதல் அந்த அரை மணிக்கு ஓட்டாமல் இருந்தாலே போதும், கடமையிலேயே இருக்கலாம். உள்ளதை உள்ளபடி போட்டிருந்தாலே அவர் சட்டப்படி சரி. இந்த ஒரு வரியை அவருக்கு முன்னமே யாரும் விளங்கப்படுத்தவில்லை. ஏஜென்சி மாதம் ஒருக்கால் அனுப்பிய அறிக்கையில் 11 மணித்தியால ஓட்டமும், வேலை தொடங்கியதில் இருந்து எண்ணும் 14 மணித்தியால எல்லையும் தாண்டவில்லை என்று பச்சை நிறத்தில் இருந்தது. பற்றுச்சீட்டை அவர்கள் கேட்டதே இல்லை. நாங்களும் கொடுத்ததில்லை. லொக்கோடு சேர்த்து இவற்றையும் ஆறு மாதம் வைத்திருக்கவேண்டும்.

மூன்றாவதாக, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி விற்கிற செயலிகள் இருக்கின்றன. லைசன்ஸ் முடிகிற திகதியையும் வருடாந்தப் பரிசோதனைத் திகதியையும் ஞாபகப்படுத்த நல்லவை. ஒன்றை இரண்டு மாதம் பாவித்தோம், அதற்கு மேல் அனுபவம் இல்லை.

எங்கள் வழியில் காசு குறைவு, நேரம் கூட. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மணித்தியாலம் போகிறது. ஒரு கிழமை தவறவிட்டால் அடுத்த கிழமை நாலாகிறது. குடும்பத்தில் ஒருவராவது தாள் வேலையில் பொறுமை உள்ளவராக இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் அது மனைவி. முதலாளியே முழு நேரமும் ஓட்டுகிற கொம்பனி என்றால் இந்த வழியை நான் வற்புறுத்த மாட்டேன். இருபது, முப்பது ட்ரக் உள்ளவர்களுக்கும், ஆபத்தான சரக்கு ஏற்றுபவர்களுக்கும் இது பொருந்துமா என்று என் நாலு ட்ரக்கை வைத்துச் சொல்வது நியாயமில்லை.

கணக்காய்வு நேரில் நடக்கவில்லை. கேட்ட ஆவணங்களை இணையத்தில் ஏற்றினோம், பிறகு தொலைபேசியில் பேசினார்கள். அந்த அதிகாரி ஒரு வாகனத்தைத் தெரிவு செய்து, இந்தப் பழுது எப்போது திருத்தப்பட்டது என்று கேட்டார். குத்தி வைத்திருந்த இரண்டு தாளையும் பார்த்து, திகதியையும் மெக்கானிக்கின் பெயரையும் சொன்னேன். "ஓகே" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். தோற்றிருந்தால் திருத்த நடவடிக்கைகளை எழுதிக் கொடுத்து நிறைவேற்ற 60 நாள்தான். அதற்குள் முடியாவிட்டால் அமெரிக்கப் பதிவு ரத்து, நாலு ட்ரக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம்.

ஏஜென்சியோடுதான் இருக்கப்போகிறீர்கள் என்றால், அடுத்த மாதக் கட்டணம் கட்ட முதல் ஒரு வாகனத்தின் பெயரைச் சொல்லி, கடைசியாக எழுதப்பட்ட பழுதையும் அதைத் திருத்திய தாளையும் ஒன்றாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.