மாடி டிபியில் நியூட்ரலும் எர்த்தும்: லீவில் வந்து வயரிங் முடிப்பவர்களுக்கு

மூன்று வார லீவில் ஊருக்கு வந்து, மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து வயரிங் முடித்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. எலக்ட்ரீசியன் கிடைப்பதில் பெரிய சிக்கல் இல்லை. சுவரை வெட்டி பைப் பதிப்பது, வயர் இழுப்பது, ஸ்விட்ச் பாக்ஸுக்கு மட்டம் பார்ப்பது எல்லாம் சுத்தமாகவே செய்கிறார்கள். கோட்டை விடுவது டிபி, அதாவது கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டியின் மூடிக்குள்ளே, யாரும் திறந்து பார்க்காத இடத்தில்.

அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் முதலில் நிறத்தை மறக்க வேண்டும். அங்கே கறுப்பில் கரண்ட் வரும், வெள்ளை நியூட்ரல். இங்கே சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்புதான் நியூட்ரல், பச்சை எர்த். அடுத்து, அங்கே மெயின் பேனலில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு பச்சை ஸ்க்ரூவோ பட்டையோ சேர்த்து வைத்திருக்கும். சப் பேனலில் மட்டும் பிரித்து வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கே “மெயினில் சேர்த்துடுங்க” என்று சொல்லிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் நியூட்ரலை எர்த் செய்வது ஈபிக்காரர்கள், டிரான்ஸ்ஃபார்மர் அடியில். வீட்டு எர்த் நாம் தோண்டிய எர்த் குழியிலிருந்து தனியாக வருவது. கீழ் டிபி, மேல் டிபி எதிலும் இரண்டும் தொடக்கூடாது. தொட்டிருந்து, தெருவில் நியூட்ரல் அறுந்தால், பக்கத்து வீடுகளின் கரண்டும் உங்கள் குழி வழியாகத் திரும்பப் பார்க்கும். ஃப்ரிட்ஜ் கதவில் ஷாக் அடிக்கும்.

மாடிக்கு ஏறும் லைன் சிங்கிள் ஃபேஸ் என்றால் மூன்று வயர், த்ரீ ஃபேஸ் என்றால் ஐந்து. ஒரு ஏசி, ஒரு கீசர் உள்ள மாடிக்கு 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் வயரும், கீழே அதற்கென்று தனியாக 32 ஆம்பியர் எம்சிபியும் (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) போதும். பைப்பில் இடமில்லை என்று பச்சை வயரை இழுக்காமல் விட்டுவிட்டு, மேல் டிபியில் நியூட்ரல் பாரிலிருந்து (வயர்கள் வந்து சேரும் உலோகப் பட்டை) எர்த் பாருக்கு ஒரு சாண் வயரை மாட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் குறுக்குவழி. டெஸ்ட் லேம்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால் பளிச்சென்று எரியும். “எர்த் சூப்பர் சார்” என்பார்கள். கீழிருந்து வரும் நியூட்ரல் ஒருநாள் லூஸானால், மாடியில் எர்த் கொடுத்த ஒவ்வொரு இரும்பு பாடியிலும் 230 வோல்ட் நிற்கும். மேல் டிபியில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழும் ஸ்விட்ச்) இருந்தாலும் அது ஏமாறும்: வாஷிங் மெஷின் பாடியில் கசியும் கரண்ட் நியூட்ரல் வழியாகவே திரும்புவதால், போனதும் வந்ததும் சமம் என்று அதற்குக் கணக்கு நேராகிவிடும்.

கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மேல் டிபியின் டூ போல் ஆர்சிசிபியை ஆஃப் செய்யுங்கள். அது நியூட்ரலையும் சேர்த்து வெட்டும். பிறகு நியூட்ரல் பாருக்கும் எர்த் பாருக்கும் நடுவில் கன்டின்யூட்டி பாருங்கள். பீப் வந்தால் எங்கோ சேர்ந்திருக்கிறது: ஒன்று அந்தக் குறுக்கு வயர், இல்லையென்றால் மெட்டல் பாக்ஸ் ஸ்க்ரூ கறுப்பு வயரைக் கடித்திருக்கும். அடுத்து கரண்ட் கொடுத்து ஏசியை ஓடவிட்டு, ஒரு பிளக் பாயிண்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வோல்ட் பாருங்கள். 1 முதல் 3 வரை இருந்தால் இயல்பு. லோடு ஓடும்போதும் சுத்தமாக பூஜ்யம் என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

“குழி எர்த் நல்லா இருக்கு, ஆர்சிசிபி எதுக்கு” என்ற பேச்சும் வரும். 5 ஓம் வரும் நல்ல குழியே இருக்கட்டும். 230 வோல்ட்டுக்கு அதில் 46 ஆம்பியருக்கு மேல் ஓடாது. 32 ஆம்பியர் எம்சிபி அதற்கு ஒரு மணி நேரம்கூட விழாமல் இருக்கலாம். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கண் இமைக்கும் முன் விழும். அது அடிக்கடி விழுகிறது என்று பைபாஸ் செய்கிறவர்களிடம் காரணம் கேளுங்கள். பாதி இடங்களில் இன்வெர்ட்டர்தான். இன்வெர்ட்டருக்கு கரண்ட் எடுப்பது கீழ் டிபியில். மாடி லைட்டுக்கு அதன் ஃபேஸை மட்டும் மேலே ஏற்றி, நியூட்ரலை மாடி பாரில் சொருகிவிடுகிறார்கள். போனது ஒரு ஆர்சிசிபி வழி, திரும்புவது இன்னொன்றின் வழி. 9 வாட் எல்இடி பல்பு ஒன்றே 40 மில்லியாம்பியர் இழுக்கும். போட்டதும் ஏதாவது ஒன்று விழும். பரிகாரம், இன்வெர்ட்டர் ஃபேஸோடு அதற்கான கறுப்பு வயரையும் கீழிருந்தே சேர்த்து இழுத்து, மாடியில் தனி நியூட்ரல் பாரில் முடிப்பது. பூசிய பிறகு சொன்னால் சுவரை மறுபடி வெட்ட வேண்டிவரும்.

த்ரீ ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் பாரை ஒவ்வொரு ஸ்க்ரூவாக முறுக்கிப் பாருங்கள். ஒரு ஓட்டையில் மூன்று வயரை முறுக்கித் திணித்திருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள். மெயின் நியூட்ரல் லூஸானால் லோடு குறைந்த ஃபேஸில் வோல்ட் 400 பக்கம் ஏறி, டிவியும் ஃப்ரிட்ஜும் போய்விடும். பழைய வீடுகளில் நியூட்ரலிலும் கிட்கேட் ஃபியூஸ் இருக்கும். அதை எடுத்துவிட்டு லிங்க், அதாவது ஃபியூஸ் இல்லாத நேரடி இணைப்பு, போடச் சொல்லுங்கள். பிளக் பாயிண்ட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால், அங்கே வருவது இரண்டு ஃபேஸ் அல்ல. நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஆனில் இருக்கும் ஏதோ ஒரு ஃபேன் வழியாக ஃபேஸ்தான் சுற்றி வந்து நிற்கிறது.